பெரட்டுக்களமும் ஆய்வுக்கூடமும்

மொனராகலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

கதவோரம் இருக்கும் பிள்ளைகளே, நிற்க வேண்டாம். முன்னால் இரண்டு வாங்கு காலியாகத்தான் கிடக்கிறது. பெரிய மனிதர்களுக்கென்று ஒதுக்கியது. அவர்கள் வரவில்லை, நீங்கள் உட்காரலாம்.

பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களில் விஞ்ஞானமும் வேலைப் பண்பாடும் என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. அதைப் படித்துப் பார்த்த என் மனைவி, "ரப்பர் தோட்டத்து ஆளுங்களுக்கு ராக்கெட் கதை சொல்லப்போறீங்களா?" என்று கேட்டார். ராக்கெட் கதையும் வரும். ஆனால் எனக்கு அந்தக் கதை தொடங்குவது ஒரு மழைமானியில்.

என் அப்பா பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கருக்கு உதவியாக இருந்தார். ஆபீசுக்குப் பின்னால், புல்லை ஒட்ட வெட்டிய ஒரு சதுரத்தில், செம்புப் புனல் வைத்த மழைமானி ஒன்று நின்றது. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறியதும் அப்பா அதைத் திறப்பார். உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பார்த்து, தடித்த அட்டை போட்ட பதிவேட்டில் எழுதுவார். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பதிவேடு. அங்குலம் மில்லிமீற்றராகியது ஒன்றுதான் அதில் நடந்த சீர்திருத்தம். நான் கண்ட முதல் விஞ்ஞானக் கருவி அதுதான். பிறகு பௌதிகவியல் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்ற பின்னும், 'அளவீடு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கண் முன் வருவது அப்பாவின் அந்த உயர்த்திய கைதான்.

ஓர் ஐப்பசியில் அப்பாவுக்குக் காய்ச்சல். ஆபீசில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் பையன் இரண்டு நாள் மழையை அளந்தான். இரண்டாம் நாள் புனலின் வாயைச் சவுக்கு இலை அடைத்துக்கொண்டது, தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. ஏன் இலையை எடுக்கவில்லை என்று ஏச்சு விழும், அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் போடுவார்கள் என்று பயந்து, முந்தின நாள் கணக்கைப் பார்த்து அதற்குப் பக்கமாக ஓர் எண்ணை எழுதி வைத்தான். 11. அதற்கு முந்தின இரவு எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த மரப்பாலத்தை ஆறு கொண்டு போயிருந்தது. பதிவேட்டில் 11 மில்லிமீற்றர்.

அப்பா வந்து பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். பையன் அழுதான். அப்பா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் எண்ணைத் திருத்தவும் இல்லை. திருத்தினால் ஏன் என்ற கேள்வி வரும், கேள்வி வந்தால் பையனின் வேலை போகும். என் அப்பா பொய் பேசத் தெரியாத மனிதர். அவரே அந்த 11ஐ அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துத் துரை அப்படியொன்றும் கொடுமைக்காரர் இல்லை. அவருக்குச் சரியான எண் தேவைப்பட்டிருக்கும், கேட்டிருந்தால் நன்றியும் சொல்லியிருப்பார். ஆனால் அவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தத் தோட்டத்தில் ஒரு வழி இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்று இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்துக் கோடியில் மண் வெடித்திருப்பதை ஒரு பெண் காண்கிறாள். கங்காணியிடம் சொல்கிறாள். கங்காணி கணக்கப்பிள்ளையிடம், கணக்கப்பிள்ளை சின்னதுரையிடம், சின்னதுரை பெரியதுரையிடம். 'கால் விட்டா முழங்கால் வரைக்கும் போகுது' என்று கிளம்பிய செய்தி, 'கொஞ்சம் மண் இளகியிருக்கு' என்றாகி, பங்களா வாசலை எட்டும்போது 'எல்லாம் சரி ஐயா' என்று கைகட்டி நிற்கும். தோட்டத்தின் படிக்கட்டு உத்தரவு இறங்குவதற்குக் கட்டியது. செய்தி அதில் ஏறினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேயும்.

இப்போது ராக்கெட்டுக்கு வருகிறேன்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலம், எஸ்.எல்.வி.-3, புறப்படத் தயாராக நிற்கிறது. திட்டத்தின் பொறுப்பு அப்துல் கலாம் கையில். ஏவுவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கணினி எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏதோ கசிவு. பக்கத்தில் இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கையிருப்பு போதும், போகலாம் என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். முதல் கட்டம் சரியாக எரிந்தது. இரண்டாம் கட்டம் கட்டுக்கடங்காமல் சுழன்றது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது. பிறகு ஆராய்ந்தபோது காரணம் ஒரு சின்ன வால்வு. அதில் அழுக்குப் படிந்து சரியாக மூடாததால் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுக்கென்று வைத்திருந்த நைத்திரிக் அமிலம் முன்பே வடிந்துவிட்டது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சவுக்கு இலைதான் ஞாபகம் வரும்.

அன்று பத்திரிகையாளர்கள் முன் போய் நின்றவர் கலாம் அல்ல, இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குப் பொறுப்பைத் தன் மேல் எடுத்துக்கொண்டு, ஒரு வருடத்தில் செய்து காட்டுவோம் என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களிடம் போகும்படி தவான் அனுப்பியது கலாமை. இந்தக் கதையைக் கலாம் தன் வாழ்நாள் முழுவதும், போன இடமெல்லாம் சொன்னார். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பெருந்தன்மைக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தலைவர் மேலே குடை பிடித்ததால், கீழே வால்வைப் பிரித்துப் பார்த்தவன் 'இதில் அழுக்கு இருந்தது' என்று பயமில்லாமல் எழுத முடிந்தது. மறுநாள் யாருடைய பெயரையாவது வெட்டுவார்கள் என்றிருந்தால் அந்த வால்வு அறிக்கைக்குள் வந்திருக்குமா? 11 என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

இஸ்ரோ பாதுகாப்பு நிறுவனம் இல்லையே என்று இங்கே இருக்கும் ஆசிரியர்கள் யோசிப்பது தெரிகிறது. உண்மைதான். அடுத்த கட்டம் அங்கேதான் வருகிறது.

இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அபிவிருத்தி அமைப்பு, நாம் டி.ஆர்.டி.ஓ. என்று சொல்வது, 1958இல் உருவானது. அதன் ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகத்துக்கு 1982இல் கலாம் இயக்குநராகப் போனார். போன இடம் துவண்டு கிடந்தது. சோவியத் ஏவுகணை ஒன்றைப் பிரித்துப் பார்த்து அதே போலச் செய்யும் 'டெவில்' என்ற திட்டம் பல வருட உழைப்புக்குப் பிறகு கைவிடப்பட்டிருந்தது. தங்கள் உழைப்பை எடுத்து மூலையில் போட்டுவிட்டார்கள் என்ற மனக்கசப்பில், அங்கிருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே சுருங்கிப் போயிருந்தார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் கதவை மூடிக்கொண்டு இருந்தது. பாதுகாப்பு ஆய்வகத்தில் கதவை மூடுவது சுலபம். 'இரகசியம்' என்று ஒரு முத்திரை குத்தினால் போதும்.

கலாம் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஒரு குழு அமைத்தது. குழு என்றால் நம் ஊரில் சிரிப்போம். வேலை செய்ய மனமில்லாவிட்டால் குழு போடுவார்கள். ஆனால் இந்தக் குழுவில் இளைய விஞ்ஞானிகளும் மூத்தவர்களோடு உட்கார்ந்து தங்கள் பங்கு வேலையைப் பற்றித் தாங்களே பேச வேண்டியிருந்தது. கங்காணி வழியாகச் சொல்லி அனுப்ப முடியாது. பிறகு ஆய்வகச் சுவருக்கு வெளியே போனார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், சென்னை ஐ.ஐ.டி., கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் உஸ்மானியா என்று பல்கலைக்கழக ஆட்களை ஏவுகணைக் கணக்குகளுக்குள் இழுத்தார். வெளியாள் ஒருவன் உள்ளே வந்தால், உள்ளே இருப்பவர்கள் இவ்வளவு நாளாகத் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு வந்த பொய்கள் அவனுக்குத் தெரியாது. அவன் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்விதான் தேவை.

இங்கே ஒரு கல்யாணக் கதை. ஏவுகணைகளை ஒவ்வொன்றாகச் செய்வது என்று கலாமும், அப்போது பாதுகாப்பு அமைச்சருக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்த வி.எஸ். அருணாச்சலமும் ஒரு திட்டம் கொண்டுபோனார்கள். அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் அதை ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள் என்றார். இருவரும் இரவோடிரவாகத் திட்டத்தை மாற்றி எழுதினார்கள். எழுதி முடித்த பிறகுதான் கலாமுக்கு ஞாபகம் வருகிறது, அன்று ராமேஸ்வரத்தில் தன் உறவுப் பெண்ணுக்குக் கல்யாணம். செய்தி அமைச்சர் காதுக்குப் போயிற்று. சென்னையிலிருந்து மதுரை வரை விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தார். கலாம் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அழகான கதைதான். ஆனால் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் பேச்சாளர்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. கல்யாணத்தை மறக்கும் அளவுக்கு வேலை செய்வதுதான் நாட்டுப்பற்று என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். கலாம் தனி ஆள், ஹெலிகொப்டரும் கிடைத்தது. அவர் ஆய்வகத்தில் வேலை செய்த நூற்றுக்கணக்கான பேரின் வீடுகளில் மறந்துபோன கல்யாணங்களுக்கு யாரும் ஹெலிகொப்டர் அனுப்பவில்லை. நான் இந்தக் கதையில் எடுத்துக்கொள்வது வேறு. ஒரு விஞ்ஞானியின் வீட்டுக் கல்யாணம் என்ற சின்னச் செய்தி, அமைச்சர் வரைக்கும் தேயாமல் ஏறிப் போயிருக்கிறது. கல்யாணச் செய்தி ஏறும் வழியில்தான் வால்வுச் செய்தியும் ஏறும்.

1983 ஜூலையில் 388 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி. 1988 பெப்ரவரி 25இல் பிருத்வி பறந்தது. அக்னிதான் எல்லோரையும் அலைக்கழித்தது. 1989 ஏப்ரல் 20 அன்று ஒடிசாக் கரையில் சாந்திப்பூரில் ஏவத் தயாராகி, 14 வினாடிகள் இருக்கும்போது கணினி நிறுத்தியது. மே 1 அன்று மறுபடி. 10 வினாடிகள் இருக்கும்போது மறுபடி நின்றது. பத்திரிகைகள் கிழித்தன. பொத்தான் சரியாக அழுந்தாததால்தான் ஏவவில்லை என்று ஒரு விஞ்ஞானி சமாதானம் சொல்வது போலக்கூட ஒரு கேலிச்சித்திரம் வந்தது.

அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன சோதனை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவிய அதே மனிதர். நாடே சிரிக்கிறது. மேலேயிருந்து அழுத்தம். இந்த முறையும் 'போகலாம்' என்று சொல்ல எத்தனை காரணம் வேண்டுமானாலும் கிடைத்திருக்கும். நிறுத்தினார்கள். பழுதான பாகத்தைப் பிரித்தார்கள். கலாம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னார். விஞ்ஞானிகளை மட்டும் அழைக்கவில்லை, எல்லோரையும் அழைத்தார். மே 22 அன்று அக்னி பறந்தது.

எனக்கு அந்த மே 22ஐ விட மே 1 பெரிய நாள். பறந்த நாளுக்கு விழா எடுக்கலாம். நிறுத்திய நாளில்தான் அந்த ஆய்வகத்தின் பண்பாடு தெரிந்தது.

நிறுத்தத் தெரியாமல் போன இடமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்புதான், 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலத்துக்குத் திண்ம எரிபொருள் இயந்திரம் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள், குளிர் அதிகம், இறப்பர் வளையம் விறைத்துப் போகும், நாளைக்கு ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடினார்கள். முதலில் அவர்களுடைய மேலதிகாரிகளும் அதையே சொன்னார்கள். பிறகு வாடிக்கையாளரான விண்வெளி நிறுவனம் முகம் சுளித்தது. மேலதிகாரிகள் தனியே பேசிவிட்டு வந்து சம்மதம் என்றார்கள். மறுநாள் 73 வினாடிகளில் ஏழு பேர் போனார்கள். அதில் ஒருவர் பாடசாலை ஆசிரியை. பொறியியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஏற வேண்டிய படிக்கட்டில் இரண்டு படி ஏறி நின்றுவிட்டது.

அக்னியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக முடியாது. பாதுகாப்பு ஆய்வகங்கள் பெரும்பாலும் வெளியாளை உள்ளே விடாது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையிலிருந்து ஓர் எலும்பு மருத்துவர் அந்த ஆய்வகத்துக்கு வந்தார். அக்னியின் முனைக்கென்று செய்த கரிமக் கலவைப் பொருளை எடுத்துப் பார்த்தார். அதன் எடைக் குறைவு அவரை உலுக்கியது. கலாமைத் தன் வார்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே போலியோ வந்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ள இரும்புக் கட்டைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். கொஞ்ச நாளில் அதே பொருளில் சில நூறு கிராம் எடையில் கட்டு செய்து கொடுத்தார்கள். ஏவுகணையின் நன்மை தீமையைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. போர் பார்த்த நாட்டுக்காரன், எனக்கு அதில் கலக்கம் உண்டு. ஆனால் ஒரு மருத்துவர் உள்ளே வந்து ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதித்த இரகசிய ஆய்வகம் அது என்பதை மறக்கவும் முடியவில்லை.

டி.ஆர்.டி.ஓ. முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. காவேரி என்று ஒரு விமான இயந்திரத் திட்டம். தேஜாஸ் போர் விமானத்துக்காக 1989இல் 382.81 கோடி ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது. 1996 டிசம்பருக்குள் முடிய வேண்டும். முடியவில்லை. செலவு 2,839 கோடி வரை உயர்ந்தது, எடை கூடியது, உந்துவிசை குறைந்தது, 2008இல் தேஜாஸிலிருந்து காவேரியைப் பிரித்துவிட்டார்கள். தேஜாஸ் இன்று அமெரிக்க இயந்திரத்தில் பறக்கிறது. ஜெட் இயந்திரத்தின் சுழலிதழ் செய்வது உலகில் நாலைந்து நாடுகளுக்கு மட்டுமே கைவந்த வித்தை. தோற்றதில் அவமானமில்லை. ஆனால் 'இன்னும் இரண்டு வருடம்' என்ற வாக்கியம் ஒவ்வொரு வருடமும் மேலே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்த வாக்கியம். 'எல்லாம் சரி ஐயா' என்பதன் படித்த வடிவம்.

2008இல் ராமராவ் குழு டி.ஆர்.டி.ஓ.வை ஏழு தொகுதிகளாகப் பிரித்து, டெல்லியில் குவிந்த அதிகாரத்தைக் கீழே இறக்கச் சொன்னது. ஓரளவு நடந்தது. 2023இல் விஜயராகவன் தலைமையில் மறுபடி ஒரு குழு. தோட்டத்தில் துரை மாறினால் ஆபீஸ் மேசையை இடம் மாற்றிப் போடுவார்கள். பெரட்டுக்களம் அதே இடத்தில்தான் இருக்கும்.

அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்பாவும் பிறந்தது அதே 1958இல்தான். ஸ்புட்னிக் வானில் ஏறிய அதிர்ச்சியில். அவர்கள் ஒரு வித்தியாசமான வழி கண்டார்கள். அந்த நிறுவனத்துக்குச் சொந்த ஆய்வகமே கிடையாது. நூறு பேர் அளவில் திட்ட முகாமையாளர்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று முதல் ஐந்து வருடம். அவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அவர்கள் வேலையை விட்டுப் போகும் தேதியே அச்சாகியிருக்கும். போகும் நாள் தெரிந்தவனுக்கு மேலதிகாரியைக் குளிர்விக்கும் தேவை குறைவு. இன்று நம் கைபேசிக்குள் இருக்கும் இணையத்தின் வேர், 1969இல் அவர்கள் பணத்தில் கணினிகளை இணைத்த வலையில் இருக்கிறது. நம் ஊருக்கு இது பொருந்துமா? வேலை நிரந்தரம் என்பதற்காகவே பிள்ளைகள் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதும் நாட்டில் தேதி போட்ட அட்டையை யார் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள்? ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

இலங்கைக்கு வருகிறேன். நம் பாதுகாப்பு அமைச்சின் கீழும் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்குமென ஒரு நிலையம் 2006 முதல் இருக்கிறது. ஆயுதமும் கருவியும் அதன் வேலை. ஆனால் அதே அமைச்சின் கீழ் இன்று இருக்கும் இன்னொரு ஆய்வு நிறுவனம்தான் ஊவாக்காரர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 1984இல் தொடங்கியது. பெயர் கட்டடம் என்றாலும் நமக்குத் தெரிந்தது மண்சரிவால். 1990இல் அவர்கள் மண்சரிவு அபாய வரைபடம் வரையத் தொடங்கிய இரண்டு மாவட்டங்களில் ஒன்று பதுளை, மற்றது நுவரெலியா.

2014 ஒக்டோபர் 29 காலை. கொஸ்லந்தை, மீரியபெத்தை. நம் எல்லோருக்கும் அந்தக் காலை ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் பாடசாலைக்குக் கிளம்பிய நேரம். மலை லயங்களின் மேல் வந்தது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை, அந்த மண்ணே அவர்களுக்குக் கல்லறை. பிழைத்தவர்கள் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றில் பாயும் சாமானுமாக மாதக்கணக்கில் இருந்தார்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த மலை தெரியாமல் இல்லை. 2005இலும் 2011இலும் இந்த இடம் ஆபத்து, மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று எச்சரித்திருந்தார்கள். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. வால்வில் அழுக்கு என்று எழுதியாயிற்று. ஆனால் அந்த எழுத்து எந்த மேசையில் நின்றது, எந்தக் கடிதமாக மாறியது, எந்த மொழியில் லயத்துக்கு வந்தது, வந்தபோது 'வேறு எங்கே போய் இருக்க?' என்ற கேள்விக்கு யாரிடம் பதில் இருந்தது? தோட்டத்து நிலம் தொழிலாளியுடையது அல்ல. கூரைத் தகரத்தைக்கூடத் தானாக மாற்ற முடியாதவனிடம் 'இடம் பெயரு' என்று சொல்வது, காற்றிடம் சொல்வது போல.

அப்போது அந்த நிறுவனம் அனர்த்த முகாமைத்துவ அமைச்சின் கீழ் இருந்தது. பிறகு பாதுகாப்பு அமைச்சுக்குள் வந்தது. நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்கிறார்கள். இரண்டும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் சரிந்தபோது, வழியில்லாத இடத்துக்குள் நுழையப் படையின் ஆட்களும் லொறியும் ஹெலிகொப்டரும் வேண்டியிருந்தது. உத்தரவு இறங்குவதில் சீருடைக்கு இணை கிடையாது. ஆனால் ஆய்வு என்பது சந்தேகப்படும் தொழில். இளைய புவியியலாளர் ஒருத்தி மூத்த அதிகாரியிடம், 'சேர், உங்கள் வரைபடத்தில் இந்தக் கோடு பிழை' என்று சொல்ல வேண்டும். சல்யூட் அடித்துப் பழகிய கட்டடத்தில் அந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். கவனமாக இருக்க வேண்டியது அந்த இடத்தில்தான்.

கலாம் 2012 ஜனவரியில் கொழும்புக்கு வந்தார். வந்தது ஏவுகணை பற்றிப் பேச அல்ல. மும்மொழித் திட்டத்தைத் தொடங்கி வைக்க. அன்று சிலர் முகம் சுளித்தார்கள், ராக்கெட்காரருக்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று. எனக்கு இன்று சம்பந்தம் தெரிகிறது. அளந்தவனுக்குப் புரிந்த எண், ஆபத்தில் இருப்பவளுக்கும் புரிய வேண்டும்.

அந்த எண் சின்னதுதான், எல்லோரும் மனப்பாடம் செய்யலாம். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், மஞ்சள். 100 ஆனால் அடுத்த கட்டம். 150ஐத் தொட்டால், அல்லது ஒரே மணிநேரத்தில் 75 கொட்டினால், சிவப்பு, வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாகத் தோட்டங்கள் ஒவ்வொரு காலையும் மழையை அளந்து எழுதி வருகின்றன. கொழுந்து எவ்வளவு வரும், எப்போது உரம் போடலாம், கச்சான் காற்று எப்போது நின்று மழை தொடங்கும் என்று பார்க்க. ஆபீசில் இருந்த அந்த எண்ணை லயத்துக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் அப்பாவுக்கும் தோன்றவில்லை. நாங்கள் மழைமானிக்கு நானூறு அடி கீழே குடியிருந்தோம்.

போன கார்த்திகையில் பழைய மாணவர் ஒருவரின் வீட்டுத் துக்கத்துக்காக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். நல்ல மழை. லயத்து முற்றத்தில், சேமன்தண்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மழைமானி ஒன்று கம்பில் கட்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குடையோடு வந்து, அதைக் கழற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தாள். கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். தமிழில், தேதியோடு. எட்டிப் பார்த்தேன். 68.

உள்ளேயிருந்து அவளுடைய அம்மாயி கேட்டார், "எவ்வளவு பிள்ளை?"

"அறுபத்தெட்டு அம்மாயி."

கிழவி காம்பராவுக்குள்ளே எழுந்து போனார். பெட்டியிலிருந்து அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, மடியில் செருகிக்கொண்டு வந்து, மறுபடி வாசற்படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார்.